படித்துக் காட்டிய பெரியவருக்கும் துணைநின்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

அயர்லாந்து அரசியல்வாதி மைக்கேல் டானலனின் அரசியல் வாழ்வு பற்றிய என் ஆய்வேடு சென்ற வாரம் ஏற்கப்பட்டுவிட்டது. என் கண்களுக்கு நேர்ந்ததையும் அதன்பின் கழிந்த மாதங்களையும் நீங்கள் அறிவீர்கள். அவற்றை மீண்டும் எழுத மனம் வரவில்லை. நன்றியை மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, கால்வே கவுண்டியின் டன்மோர் பக்கத்தில் மாடு வளர்க்கும் ஒரு பெரியவருக்கு. தம் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதை எழுதவில்லை. நான் வாசிக்க முடியாமல் இருப்பதை யாரோ சொல்லக் கேட்டு, அதிகம் பழக்கமில்லாத அவர் தாமாகவே தொலைபேசியில் அழைத்து, "உங்களிடம் உள்ள தாள்களை அனுப்பிவையுங்கள், நான் படித்துக் காட்டுகிறேன்" என்றார். பழைய உள்ளூர்ச் செய்தித்தாள்களின் மங்கிய நகல்கள் அவை. வாசிப்பு மென்பொருளுக்கும் பிடிபடாதவை. மாலையில் மாடுகளுக்குத் தீனி வைத்த கையோடு அழைப்பார். ஒரு சொல் தெளியாவிட்டால் ஊகித்துச் சொல்லமாட்டார். "இங்கே எழுத்து அழிந்திருக்கிறது" என்று அறிவித்துவிட்டே மேலே செல்வார். ஆய்வு நெறி என்பதை அவரிடம்தான் முழுமையாகக் கற்றேன்.

1939இல் ஏதன்ரையில் கிளான் நா டால்வன் கட்சியை டானலன் தொடங்கியதும், மேற்கின் சிறு விவசாயிகளுக்காக நிலத்தின் மீதான உள்ளாட்சி வரியைக் குறைக்கக் கோரியதும், 1943இல் அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவையான டாயிலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் பெரியவரின் குரலிலேயே என்னிடம் வந்து சேர்ந்தன. 1948இலும் 1954இலும் அமைந்த கூட்டணி அரசுகளில் டானலன் நிதியமைச்சரின் நாடாளுமன்றச் செயலாளராக இருந்து பொதுப்பணி அலுவலகத்தைக் கவனித்தார். அதைச் சிறிய பதவியென்று ஒதுக்குவோர் உண்டு, அது சரியல்ல. ஆற்று வடிகால் பணிகள் அந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தன. "புல் அறுக்கும் நேரத்தில் ஆறு கரைபுரண்டால், குளிர்காலத்தில் மாட்டுக்கு என்ன போடுவது?" என்று பெரியவர் கேட்ட ஒரு கேள்வியிலிருந்தே என் நான்காம் இயல் பிறந்தது.

1964 செப்டம்பர் 27ஆம் நாள் செய்திக்கு வந்தபோது அவரால் தொடர்ந்து படிக்க முடியவில்லை. டப்ளினின் குரோக் பார்க் விளையாட்டரங்கில் கால்வே அணி கெர்ரி அணியுடன் மோதிய அகில அயர்லாந்து கேலிக் கால்பந்து இறுதியாட்டத்தைக் காணச் சென்ற டானலன், ஆட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே அங்கே உயிரிழந்தார்; 1925இல் கோப்பை வென்ற கால்வே அணியில் ஆடியவர் அவர். அன்றைய கால்வே அணித்தலைவரான மகன் ஜான், வெற்றிக்குப் பிறகே தந்தையின் மரணத்தை அறிந்தார். அந்த டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் ஃபைன் கேல் கட்சி வேட்பாளராக நின்று தந்தையின் இடத்துக்கு வந்தவரும் அவரே. மறுநாள் பெரியவர் அதே பத்தியை முதல் வரியிலிருந்து மீண்டும் படித்தார்.

மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற நண்பர்கள், நேரம் தவறாமல் சொட்டு மருந்து இட்ட செவிலியர், நகலெடுத்துக் கொடுத்த நூலகப் பணியாளர்கள், நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த அறைத்தோழி, காலக்கெடுவை நீட்டித்துத் தந்த நெறியாளர் ஆகிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

என்னிடம் உள்ள செய்தித்தாள் நகல்களை எல்லாம், பார்வை குன்றியோரும் கேட்கும்படி ஒலிப்பதிவாக்கப் போகிறேன். பெரியவரும் சில ஆண்டுகளைப் படித்துத் தர இசைந்திருக்கிறார். 1939இலிருந்து தொடங்குகிறோம்.

நன்றியுடன்.