புதுப்பித்தது ஜூலையில், ஆட்டம் மறைந்தது ஆகஸ்டில்

அனுப்புநர்: வெளிநாட்டில் வசிக்கும் ஆண்டுச் சந்தாதாரர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பிரீமியர் லீக் ஒளிபரப்பு உரிமை முடிவதைத் தெரிவிக்காமல் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பித்தது; செலுத்திய தொகையைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக

ஐயா,

வணக்கம். வேலை நிமித்தம் வெளிநாட்டில் வசிக்கிறேன். சில ஆண்டுகளாக உங்கள் நேரலைச் செயலிக்குச் சந்தா கட்டி வருகிறேன். கட்டுவதற்கு ஒரே காரணம் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து. அதில் வேறு விளையாட்டுகளும் தொடர்களும் சமையல் நிகழ்ச்சிகளும் கொட்டிக் கிடக்கின்றன. இருந்துவிட்டுப் போகட்டும், அவற்றுக்காக நான் ஒரு காசும் தந்திருக்க மாட்டேன்.

கடந்த ஜூலையில் ஓராண்டுச் சந்தா என் கார்டிலிருந்து தானாகப் பிடிக்கப்பட்டது. அதே வாரம் "புதிய சீசனுக்குத் தயாரா?" என்று உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சலும் வந்தது. ஆகஸ்டில் சீசன் தொடங்கியது. முதல் வார ஆட்டத்துக்குச் செயலியைத் திறந்தேன். முகப்பில் என் அணியின் சின்னம், பக்கத்தில் எதிரணியின் சின்னம், நடுவில் கவுண்டவுன். விநாடிகள் ஓடி முடிந்தன. பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒரு சாம்பல் நிறப் பெட்டி எழுந்து வந்தது: "இந்த உள்ளடக்கம் உங்கள் பகுதியில் கிடைக்காது." பெட்டியை மூடினால் பச்சைப் பொத்தான் மறுபடி அழைக்கிறது. அழுத்தினால் மறுபடி பெட்டி.

நான் வசிக்கும் நாட்டுக்கான உரிமை இந்த சீசனிலிருந்து வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டது என்பதை அப்புறம் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் சொல்லவில்லை.

உரிமை கைமாறியதை நான் குறை சொல்லவில்லை. லீக் தன் ஆட்டங்களை நாடு வாரியாக, பிராந்திய வாரியாக விற்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் ஏலம். ஒருவர் எடுப்பார், ஒருவர் விடுவார். ஆனால் இதெல்லாம் ஒரே ராத்திரியில் நடப்பதில்லை. பிரிட்டனுக்கான உரிமையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய நான்கு சீசன்களுக்கான ஒப்பந்தம், 670 கோடி பவுண்டு, 2023 டிசம்பரிலேயே முடிவாகி ஊரறியச் செய்தியாகிவிட்டது. என் நாட்டு உரிமை மட்டும் ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் கைநழுவிப் போயிருக்குமா? என் கார்டில் கைவைத்த நாளில், அடுத்த மாதம் உங்களிடம் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பது உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். அவருக்கும் பணம் பிடிக்கும் பிரிவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது.

ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் உதவிப் பக்கத்துக்குப் போனேன். அரட்டைப் பெட்டியில் முதலில் வருவது இயந்திரம். 'கடவுச்சொல் மறந்துவிட்டது', 'கார்டை மாற்ற வேண்டும்', 'படம் சரியாகத் தெரியவில்லை' என்று மூன்று பொத்தான்கள். பணத்தை வாங்கிவிட்டு ஆட்டத்தைக் காட்டவில்லை என்பதற்குப் பொத்தான் கிடையாது. சரி, மூன்றாவதை அழுத்தினேன். ஒரு வகையில் அது உண்மைதானே. இணைய வேகத்தைப் பார்க்கச் சொன்னது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னது. இதையெல்லாம் முடித்து ஒரு மனிதர் வந்து சேர்வதற்குள் இடைவேளை ஆகிவிட்டது.

அவர் பண்பாகவே பேசினார். அவர்மீது எனக்குக் குறையில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் வி.பி.என். பயன்படுத்துகிறீர்களா?" வேறு நாட்டிலிருந்து பார்ப்பது போலக் காட்டும் வழி அது. இல்லை என்றேன். பயன்படுத்தினால் கணக்கு முடக்கப்படும் என்று எச்சரித்துவிட்டு, பயன்படுத்தாததால் ஆட்டம் வராது என்றும் விளக்கினார்.

அடுத்து உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சல் இதைவிட விசித்திரம். 'எங்களுக்கு உரிமை உள்ள வேறொரு நாட்டில் கணக்குத் தொடங்கிக்கொள்ளலாமே' என்று அதில் ஒரு யோசனை. உங்கள் விதிமுறைகளோ, சந்தாதாரர் உண்மையான வசிப்பிடத்தைத் தர வேண்டும், பகுதிக் கட்டுப்பாட்டைத் தாண்ட முயன்றால் கணக்கு ரத்து என்கின்றன. அதை எழுதியவர் விதிமுறைகளைப் படித்ததில்லையா, அல்லது நான் படிக்க மாட்டேன் என்று நினைத்தாரா?

வேறு நாட்டுச் சந்தாவில் ஆட்டம் பார்ப்பது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்பது உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததா? இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் மதுவிடுதி நடத்திய கேரன் மர்ஃபி, கிரேக்கத் தொலைக்காட்சி நிறுவனத்தின் டிகோடர் கார்டில் பிரீமியர் லீக் ஆட்டங்களைக் காட்டினார் என்று தண்டிக்கப்பட்டார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இப்படி வேறு நாட்டுக் கார்டுகளுக்குத் தடை போடக் கூடாது என்று 2011 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பு, ஆட்டத்துக்குப் பதிப்புரிமை இல்லாவிட்டாலும் லீகின் தொடக்க இசைக்கும் திரையில் வரும் வரைகலைக்கும் உண்டு என்று இன்னொரு முடிச்சையும் போட்டது. அவர் தண்டனை ரத்தாக 2012 வரை ஆனது. நான் வசிப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில்கூட அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம் பார்க்க நான் இந்த வழியில் இறங்க வேண்டுமா?

காசே இல்லாமல் பார்க்கக் கள்ளத் தளங்கள் எத்தனையோ இருக்கின்றன. கேட்டால் இணைப்பு அனுப்ப என்னுடன் வேலை செய்பவர்கள் தயார். நான் உத்தமன் என்று பீற்றிக்கொள்ளவில்லை. மூட மூட முளைக்கும் விளம்பரங்களும், சரியாக பெனால்டி அடிக்கும் நேரத்தில் உறைந்துபோகும் படமும், லேப்டாப்பில் வைரஸும் எனக்கு வேண்டாம். முறையாகக் காசு கட்டினால் நிம்மதியாகப் பார்க்கலாம் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கைக் கெடுத்தது நீங்கள்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்து நீங்கள் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். "சந்தா செயலிக்கானது, குறிப்பிட்ட லீகுக்கானது அல்ல, உள்ளடக்கம் முன்னறிவிப்பின்றி மாறலாம்." ரயில் டிக்கெட் விற்றுவிட்டு, ரயில் வராது, ஆனால் நடைமேடையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது போல இருக்கிறது. ஜூலையில் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். மேலிருந்து கீழ்வரை பிரீமியர் லீக் அணிகளின் ஜெர்சி. சமையல் நிகழ்ச்சி ஒன்றுகூட அதில் இல்லை.

நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று தெரியாது என்றும் நீங்கள் சொல்ல முடியாது. கார்டு வழங்கிய நாடு உங்கள் பதிவில் இருக்கிறது. என் இணைய இணைப்பின் ஐ.பி. முகவரியைப் பார்த்துத்தான் சாம்பல் பெட்டியையே காட்டுகிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஏப்ரல் 1 முதல், கட்டணச் சந்தாதாரர் தற்காலிகமாக வேறு உறுப்பு நாட்டுக்குப் போனாலும் தான் வசிக்கும் நாட்டின் சேவையைக் கூடுதல் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. சந்தாதாரர் எந்த நாட்டில் வசிப்பவர் என்பதை அடையாள ஆவணம், பணம் செலுத்திய விவரம், ஐ.பி. முகவரி போன்றவற்றால் நிறுவனமே சரிபார்க்க வேண்டும் என்கிறது அந்த விதி. ஆக, உங்களைப் போன்ற நிறுவனங்களால் செய்ய முடிந்த வேலைதான் இது. ஆட்டத்தை மறைக்கும்போது நான் இருக்கும் நாடு தெரிகிறது. பணம் பிடிக்கும்போது மட்டும் தெரியவில்லையா?

இன்னொரு விஷயம். 'உங்கள் அணியின் ஒவ்வொரு ஆட்டமும் நேரலையில்' என்பது உங்கள் விளம்பரம். லீகில் ஓர் அணிக்கு 38 ஆட்டங்கள். அதே அணி வேறு போட்டிகளிலும் ஆடும். அவற்றில் எஃப்.ஏ. கோப்பையை விற்பது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம். லீக் கோப்பை வேறோர் அமைப்பின் கையில். சாம்பியன்ஸ் லீக் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பினுடையது. உரிமை இருந்த காலத்திலேயே உங்களிடம் இருந்தது அந்த 38 லீக் ஆட்டங்கள் மட்டும். கோப்பைக்கு ஒரு செயலி, ஐரோப்பிய ஆட்டத்துக்கு ஒரு செயலி என்று தனித்தனியாகக் கட்டுவது வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்குப் பழகிவிட்டது. இல்லாததை விளம்பரத்தில் சொல்வது வேறு சங்கதி.

பிரிட்டனிலேயே எல்லா ஆட்டத்தையும் பார்க்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அங்கே சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை நேரலைக் கால்பந்துக்குத் தடை. 3 மணி ஆட்டங்களை வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் பார்ப்போம், உள்ளூர்க்காரர்கள் பார்க்க முடியாது. அங்கிருக்கும் நண்பர்கள் இதற்காக என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுண்டு. ஆனால் அங்கே தடைக்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது: கீழ்நிலை அணிகளின் மைதானங்களுக்கு ஆள் வர வேண்டும். அது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் 2023 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஆப்பிளின் ஒரே சேவையில் மொத்தமாக ஓடுகிறது. பிரீமியர் லீக் அப்படி விற்காதது உங்கள் தவறு இல்லை. கையில் இல்லாததை விற்றது உங்கள் தவறு.

எனக்கு வேண்டியது இவை. ஜூலையில் பிடித்த ஆண்டுத் தொகை முழுவதும் அதே கார்டுக்குத் திரும்பி வர வேண்டும். அடுத்த ஆண்டுக்கான தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம். அதை ஏற்கெனவே ஒருமுறை அனுப்பிவிட்டீர்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை என் கணக்கில் நிறுத்தியதற்கு எழுத்தில் உறுதி வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில், அந்த நாட்டில் எந்த லீக் எந்தத் தேதி வரை உங்களிடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் காட்டுங்கள். ஒரு வரி போதும். காட்ட உரிமையில்லாத ஆட்டங்களுக்கு முகப்பில் கவுண்டவுன் ஓடுவதையும் நிறுத்துங்கள்.

ஜூலை மாத மின்னஞ்சல், பணம் பிடித்த ரசீது, அரட்டை உரையாடல், வேறு நாட்டில் கணக்குத் தொடங்கச் சொன்ன உங்கள் பதில் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களுடன் என் வங்கியில் இந்தக் கட்டணத்தை மறுத்து மனுக் கொடுப்பேன். நான் வசிக்கும் நாட்டின் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிலும் புகார் பதிவு செய்வேன். அரட்டை இயந்திரம் அனுப்பும் செய்தியைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பெயரும் பொறுப்பும் உள்ள ஒருவர் கையெழுத்திட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆண்டுச் சந்தாதாரர்

இணைப்பு: மேற்கண்ட நான்கு ஆவணங்களின் நகல்