கிளிநொச்சியில விடிய ஓடுறவைக்கு: பாதையும் சோடியும்

வணக்கம் உறவுகளே. எங்க ஓடுறது, ஆரோட ஓடுறது எண்டு புதுசாச் சேர்ந்த கனபேர் கேட்டிருக்கிறியள்.

என்ர முதல் தெரிவு இரணைமடுக் குளக்கட்டுதான். கட்டு 2 கிலோமீற்றருக்கு மேல நீளம்; ஒருக்காப் போய்த் திரும்பினாலே 4ஐத் தாண்டும். தண்ணிப் பக்கத்துக் காத்து விடிய நல்ல குளிர்ச்சி. கிரவல் கிடக்கிற இடத்தில சின்னக் கல்லு உருண்டு கால் பிரளப் பாக்கும், நடுவால ஓடுங்கோ. வேர்வை கழுவ எண்டு குளத்துக்க இறங்கவேண்டாம், முதலை இருக்கும். மாரியில வான்கதவு திறந்த நாளில கட்டுப் பக்கமே வேண்டாம். அப்ப மைதானத்தில சுத்துவம்.

ஏ9 வீதி மட்டமா, நேரா இருக்குத்தான். ஆனா இருட்டுக்க பஸ்ஸும் டிப்பரும் பறக்கும். ஓடித்தான் ஆகவேணுமெண்டால் வாகனம் எதிர வாற பக்கமா, வெள்ளை உடுப்போட ஓடுங்கோ. ஒழுங்கையளில நாய்த் தொல்லை. ரெண்டு பேராப் போனால் கிட்ட வாறது குறைவு.

சோடி சேரேக்க வயசைப் பாக்காதேங்கோ, வேகத்தைப் பாருங்கோ. ஓடிக்கொண்டே மூச்சிரைக்காமல் கதைக்க ஏலுமெண்டால் அந்த ஆள் உங்களுக்குச் சரி. அக்காமார், தங்கச்சிமாருக்குத் தனிச் சோடி போடுவம். வீட்டில தயங்கினால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவ கட்டில நடக்கட்டும்.

ஞாயிறு விடிய 5.30க்குக் குளக்கட்டடியில சந்திப்பம். உங்கட ஊர், ஓடுற தூரம், வர வாகனம் இருக்கோ எண்டதை வெள்ளி பின்னேரத்துக்குள்ள இதிலயே போடுங்கோ.