ஒரு பத்தி போதும், ஐயா

வீரவநல்லூர்,
ஆடி 3

அன்புள்ள ஐயாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஆச்சி கண் ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்கள். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்து, கார் பருவ நெல் நடவு முடிந்துவிட்டது. இந்த வருஷமும் அம்பை 16தான். கீழ வயலில் களை எடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. பச்சை டிரங்குப் பெட்டி விஷயத்தில் பெரியப்பா இன்னும் மனசு இறங்கவில்லை. அதை நீ வரும்போது பேசிக்கொள்ளலாம்.

ஆனித் தேருக்கு வருவாய் என்று இருந்தோம். வேலை இருந்திருக்கும், சரி. தேர் நிலைக்கு வந்ததும் அக்கா போட்டோ அனுப்பினாளாம். நீ பார்த்துவிட்டாய், பதில்தான் இல்லை என்றாள். பார்க்கிறாய் என்று தெரிந்தாலே எனக்குப் போதும் என்று அவளிடம் சொன்னேன். போதாது ஐயா. போனை எடுத்துப் பேசு. ஒரு நிமிஷம் பேசினால்கூட அப்பா அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிடுவார்கள்.

உன் ஆராய்ச்சிப் பட்டத்துக்கான தீசிஸை எழுதினாயா என்று நான் உன்னிடம் எதையும் கேட்கப் போவதில்லை. கேட்டால் உன் குரல் மாறிவிடுகிறது. "அடுத்த வாரம் நானே கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதற்கு நீ உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை.

போன மாசம் சித்தப்பா நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே சோம்பல், அதான் இழுத்துக்கொண்டே போகிறது" என்று சொன்னார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. மீன் ஆராய்ச்சிக்காகக் காரையாறில் விடியுமுன்னே இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நின்ற பிள்ளையா சோம்பேறி? அட்டைக்கடியோடு வந்து, குளித்த தலை காயுமுன்னே அன்றன்றைய கணக்கை நோட்டில் ஏற்றிவிட்டுத்தானே சாப்பிட உட்காருவாய். தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயராகக் கொண்ட அந்தக் கெண்டையை நீ எனக்குப் பாட்டிலில் காட்டியதும், நான் அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னதும் மறக்கவில்லை. அந்த வேலையில் எதையாவது நீ நாளைக்கு என்று தள்ளி நான் பார்த்ததில்லை. எழுத உட்காருவதைத்தான் தள்ளுகிறாய். ஒருவனே ஒரு வேலையை ஓடி ஓடிச் செய்கிறான், இன்னொன்றைத் தொடமாட்டேன் என்கிறான் என்றால் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்க முடியாது. சித்தப்பாவிடமும் அப்படியே சொன்னேன். அவர் காபி குடிக்காமல் போய்விட்டார்.

அப்புறம்தான் இப்படித் தள்ளிப்போடுவதைப் பற்றி யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடச் சொன்னேன். அக்கா மகள் போனில் எடுத்துக் கொடுத்ததை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். உனக்குப் பாடம் நடத்துகிறேன் என்று நினைக்காதே. நடத்தினால்தான் என்ன, காலமெல்லாம் அறிவியல் நடத்தியவள்தானே நான்.

கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தில் பியர்ஸ் ஸ்டீல் என்று ஒரு பேராசிரியர். அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2007-ல் ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டிருக்கிறார். தள்ளினால் நமக்குத்தான் கெடுதல் என்று தெரிந்தே, செய்ய நினைத்த வேலையைத் தானாகத் தள்ளுவதைத்தான் அவர் கணக்கில் எடுக்கிறார். மழைக்குக் காத்திருப்பதும், ஆள் வரட்டும் என்று பொறுத்திருப்பதும் இதில் வராது. எந்த வேலையைத் தள்ளுகிறார்கள் என்று பார்த்தால், செய்யக் கசப்பாக இருப்பது, பலன் வெகு தூரத்தில் இருப்பது, நம்மால் முடியுமா என்ற சந்தேகம் இருப்பது, இவைதான் முன்னால் நிற்கின்றன. இதைப் படித்ததும் உன் அறையும் மேசையும்தான் என் கண் முன்னால் வந்தன. வருஷக்கணக்கான வேலை, முடித்தால் எப்போதோ ஒரு பட்டம், நடுவில் ஒவ்வொரு வரியையும் யாரோ படித்துக் குறை சொல்லப் போகிறார்கள். ஆற்றில் மீன் உன்னைக் குறை சொல்லவில்லை.

இன்னும் இரண்டு பேர், ஃபியூஷா சிரோயிஸ், டிமோத்தி பிச்சில், 2013-ல் எழுதியதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மனுஷர்கள் வேலையைக் கண்டு ஓடுவதில்லை, அந்த வேலையை நினைத்ததும் மனசில் வருகிறதே ஒரு பயம், ஒரு கூச்சம், அதைக் கண்டுதான் ஓடுகிறார்கள் என்கிறார்கள். ஃபைலை மூடியதும் உடனே ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் கெடுதல். மூடினால் சுகம் என்று மனசு படித்துக்கொள்கிறது, அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் மூடச் சொல்கிறது. மறுநாள் அதே வேலை இருக்கிறது, கூடவே நேற்றுச் செய்யவில்லையே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. அதனால் அது இன்னும் கசக்கிறது. நேரம் போதாமல் வரும் வியாதி இது இல்லை. அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினால் தீராததும் அதனால்தான். நீ எத்தனை அட்டவணை போட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும், பத்தாம் வகுப்பில் கலர் பென்சிலால் போடுவாயே.

உன் அறைக்காரனின் தீசிஸுக்குப் பக்க எண்ணிலிருந்து படங்கள் வரை நீதான் சரிசெய்து கொடுத்தாய் என்று அக்கா சொன்னாள். அவனுக்கு வாய்மொழித் தேர்வான வைவாவும் முடிந்துவிட்டதாம். நல்ல காரியம்தான் ஐயா, பிறத்தியாருக்கு உதவுகிற கை உன் கை, தாத்தா வழி. ஆனால் உன்னுடையதைத் திறக்கப் பயந்து அவனுடையதில் போய் உட்கார்ந்தாயோ என்று எனக்கு வருத்தமாகவும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பார், கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சுக்கே வந்துவிட்டேன். உதவித்தொகை 5 வருஷத்தோடு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அப்பா போட்ட பணத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். உன் கைடு அனுப்பிய மெயிலை நீ திறக்கவே இல்லை என்பதும் தெரியும். யார் சொன்னது என்று கேட்காதே. திறக்கப் பயமாக இருந்தால் அக்காவிடம் பாஸ்வேர்டைக் கொடு, அவள் படித்துச் சொல்லட்டும். திட்டியிருந்தாலும் அவள் அதை விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் சொல்வாள்.

உன்னை நீயே திட்டிக்கொள்வதை முதலில் நிறுத்து. இது அம்மா பாசத்தில் சொல்வது மட்டும் இல்லை. 2010-ல் கனடாவில் முதலாண்டு மாணவர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அதிலும் அந்தப் பிச்சில் இருக்கிறார். முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், போகட்டும் என்று தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத்தான் தள்ளிப்போட்டார்களாம். நினைத்தாலே வருகிற கசப்பு குறைந்ததால் பாடத்துக்கு அருகில் போக முடிந்திருக்கிறது. நான் வகுப்பில் பார்த்ததும் அதுதான். அடிவாங்கிய பிள்ளை வீட்டுப்பாடத்தோடு மறுநாள் வராது, வகுப்புக்கே வராது. போன வருஷம் போகட்டும். போன மாசமும் போகட்டும். அதை யாரும் உன்னிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை, நான் கேட்க விடமாட்டேன்.

ஒரு பத்தி எழுது. ஒரு பத்தி போதும்.

அதையும் எப்போது, எங்கே என்று முதல்நாளே தீர்மானித்துவிடு. ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சர் என்பவர் மாணவர்களிடம், கிறிஸ்துமஸ் முந்தின நாள் இரவை எப்படிக் கழித்தீர்கள் என்று 2 நாளுக்குள் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார். பண்டிகை நேரத்தில் யார் எழுதுவார்கள்? எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்னாலேயே குறித்துக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுதிவிட்டார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். நீயும் அப்படி வை. காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும், ஜன்னலோர மேசையில், ஆறு பற்றிய அத்தியாயம். முன்னுரை வேண்டாம், அது கடைசியில் எழுத வேண்டியது. நீ எந்தெந்த இடத்தில் வலை போட்டாய் என்று எழுது, உனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். நன்றாக எழுத வேண்டாம். மோசமாகவே எழுது, திருத்திக்கொள்ளலாம். ஒரு பத்தி முடிந்ததும் எழுந்துவிடு. மனசு வந்தால் எழுதலாம் என்று காத்திருக்காதே. எழுத ஆரம்பித்த பிறகுதான் பலருக்கு மனசு வருகிறது.

அப்பாவுக்கு வயலுக்குப் போக மனசில்லாத நாள் இல்லையா? பாபநாசம் அணை ஜூன் 1 திறக்கிறதோ, கொஞ்சம் தள்ளித் திறக்கிறதோ, நாற்றங்காலில் விதை விழுந்துவிட்டால் நாற்றுக்கு வயசு ஏறிக்கொண்டே இருக்கும். அம்பை 16 மாதிரிக் குறுகிய கால நெல்லை 25 நாளைத் தாண்டி நட்டால் தூர் கட்டாது, நட்டதும் கதிர்விடப் பார்க்கும். அதனால் காய்ச்சலோடும் போய் நடவைப் பார்த்துவிட்டு வருவார்கள். மனசு உறுதியானவர்கள் என்பதால் மட்டும் இல்லை, தண்ணீர் முறையும், நடவுக்குச் சொல்லிவைத்த ஆட்களும், பக்கத்து வயல்காரரும் சேர்ந்து அவர்களை வரப்பில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். உன் எழுத்துக்கு அப்படி யாரும் இல்லை. இன்று எழுதாவிட்டால் இன்று எதுவும் வாடுவதில்லை. தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து தானே தன்னை விரட்ட வேண்டும் என்றால் யாருக்கும் கஷ்டம்தான்.

அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்று, 2002-ல் வந்தது. எழுத வேண்டிய கட்டுரைகள் எல்லாவற்றையும் கடைசி நாளில் கொடுக்கலாம் என்றாலும், மாணவர்கள் பலர் தங்களுக்கு இடையிடையே கெடு வைத்துக்கொண்டார்களாம். ஆனால் ஆசிரியரே சமமாகப் பிரித்துக் கெடு வைத்த வகுப்புதான் நல்ல மதிப்பெண் வாங்கியது. அதனால் நான் ஒரு கெடு வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 8 மணிக்கு, அந்த வாரம் எழுதியதை அக்காவுக்கு அனுப்பு. எவ்வளவு இருந்தாலும் சரி, பாதி வாக்கியமாக இருந்தாலும் சரி. அவள் குறை சொல்ல மாட்டாள், வந்தது என்று மட்டும் சொல்வாள். எனக்கும் பிரிண்ட் எடுத்துத் தருவாள். எனக்கு முழுதும் புரியாது, ஆனாலும் படிப்பேன். நம் ஆற்றைப் பற்றி நம் பிள்ளை எழுதியது.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதே. ராத்திரி தூங்குகிறாயா? மெஸ்ஸில் சாப்பிடுகிறாயா? தள்ளிப்போடுவது ஒரு வேலையோடு நிற்காமல், எதிலுமே மனசு ஒட்டாமல், குளிக்கவும் சாப்பிடவும் கூடப் பாரமாக இருந்தால், நான் இதுவரை எழுதிய எதுவும் அதற்குப் பத்தாது. அது மனசுக்கு வந்த நோயாக இருக்கலாம், டாக்டரிடம்தான் போக வேண்டும். நீ இருக்கிற ஊரிலேயே நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கெங்கிருந்தோ அங்கே வருகிறார்கள். மனநல உதவிக்கான அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. துணைக்கு நான் வரட்டுமா? வா என்று ஒரு வார்த்தை சொல், அன்று ராத்திரியே வண்டி ஏறிவிடுவேன். பட்டம் வராவிட்டால் வராது, நமக்கு வயல் இருக்கிறது, நீ இருக்கிறாய். அப்பாவும் இதையே சொன்னார்கள், உன்னிடம் சொல்லத்தான் அவர்களுக்கு வரவில்லை.

ஆனால் அந்தப் பட்டம் உனக்கு வரும் என்றுதான் நான் நினைக்கிறேன். வேலையெல்லாம் முடிந்துவிட்டது, எழுதத்தான் வேண்டும். நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறாய் அல்லவா? கரையான் இல்லாத இடத்தில் வை. ஒரு பத்தி எழுது.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையன் கோவிலுக்கு எல்லாரும் போகிறோம். முடிந்தால் வா. வந்தால் அங்கே யாரும் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள், சித்தப்பாவிடம் நான் சொல்லி வைத்துவிட்டேன். வர முடியாவிட்டால் அதை ஒரு வரி எழுதிப் போடு, நாங்கள் வழியைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம்.

சித்தி மகன் செவ்வாய்க்கிழமை பெங்களூர் வருகிறான். அவனிடம் வறுத்த உளுந்து மாவும், கருப்பட்டியும், நல்லெண்ணெயும் கொடுத்துவிடுகிறேன். களி கிண்டத் தெரியும்தானே, மாவைத் தண்ணீரில் கரைத்துவிட்டு அடுப்பில் வை, கட்டி தட்டாது. காலை வண்டி, ஸ்டேஷனுக்குப் போய் வாங்கிக்கொள். அவனிடமிருந்து போன் வந்தால் எடு. மெயில் விஷயத்தை அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா