ஃப்ரண்ட் லோடு மெஷினில் பூசணம்: விற்கும்போதே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை ஆரம்பித்த மறுநாளே எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குறிப்பு வந்தது. வாஷிங் மெஷினில் பூசண வாடை அடித்தால் ஒரு கப் பிளீச், ஒரு கப் வினிகர் இரண்டையும் ஊற்றி ஓடவிடுங்கள், புதுசு மாதிரி ஆகிவிடும் என்று. படித்தவர்கள் வரிசையாகக் கைகூப்பி நன்றி போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதறிவிட்டது. பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை உப்பு, கழிவறை கழுவும் ஆசிட் என்று அமிலம் எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் புண்ணாக்கும் வாயு அது. நம் அடுக்குமாடி வீடுகளில் மெஷின் இருப்பதோ குளியலறை மூலையில், இல்லையென்றால் மழைக்கு ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கும் சர்வீஸ் ஏரியாவில். அந்தக் குறிப்பை நம்பி யாராவது கதவை மூடிக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? குழுவில் உடனே எழுதினேன். ஆனால் அந்தக் குறிப்பு எங்கள் குழுவோடு நிற்கப்போவதில்லை, அதனால்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

இந்தப் பூசணத்தோடு போன வருடம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஏழு கிலோ ஃப்ரண்ட் லோடு மெஷின், வாங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஐப்பசி மழையில் துணி காயாத நாட்கள். மாமியார் ஒருநாள் மடித்து வைத்த பனியனை எடுத்து, "ஏம்மா, இதைக் கொஞ்சம் மோந்து பாரு, ஊறப்போட்டு மறந்த துணி மாதிரி இருக்கு" என்றார். மழைதான் காரணம் என்று நினைத்தேன். மொட்டைமாடியில் நல்ல வெயிலில் காய்ந்த பிறகும் அதே வாடை, அதுவும் போட்டுக்கொண்டு கொஞ்சம் வியர்த்ததும் கூடுதலாக வந்தது. அப்புறம் பையனின் வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கறுப்பாகச் சின்னத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்தன. மாமியாருக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு, பூசணம் அதைக் கிளப்பிவிடும் என்று டாக்டர் எப்போதோ சொல்லி வைத்திருந்ததால் எனக்குக் கவலை இரட்டிப்பானது.

சர்வீஸுக்கு அழைத்தோம். வந்தவர் கதவைத் திறந்தார், பார்த்தார், இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்: "கேஸ்கெட் போயிடுச்சு மேடம், மாத்தணும். லேபரோட சேர்த்து 4,200 ஆகும்." வாரன்டியில் வராதா என்று கேட்டேன். "ரப்பர் பார்ட்ஸ் வராது மேடம்." இது ஏன் வந்தது என்று கேட்டதற்கு, "நீங்க சரியா மெயின்டெயின் பண்ணலை" என்றார். எனக்கு மிகவும் வலித்த வார்த்தை அது. எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று எங்களிடம் யார் சொன்னார்கள்? மெஷினை இறக்கிய அன்று டெமோ காட்ட வந்த பையன் எந்த பட்டனில் எத்தனை நிமிடம் ஓடும் என்று காட்டினான், ஸ்டெப்பிலைசரும் ஸ்டாண்டும் வாங்கச் சொன்னான், போய்விட்டான். கதவைத் திறந்து வையுங்கள் என்ற ஒரே ஒரு வார்த்தையைக் கடையில் விற்றவரும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

4,200 ரூபாய் கொடுக்க மனமில்லை. அந்தச் சனிக்கிழமை நானே உட்கார்ந்தேன். கதவைத் திறந்தால் வாயைச் சுற்றி இருக்கும் அந்தச் சாம்பல் நிற ரப்பர் வளையம், அதுதான் கேஸ்கெட், மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. அதன் மடிப்பை இரண்டு விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தபோது வயிற்றைப் பிரட்டியது. உள்மடிப்பு முழுக்கக் கடுகு சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள். அடிப்பக்கத்தில் ஒரு டம்ளர் அளவுக்குக் கலங்கிய தண்ணீர், அதில் வழவழவென்று ஜவ்வு மாதிரி பஞ்சு, தலைமுடி, ஒரு ஹேர்பின், பாதி கரைந்த பஸ் டிக்கெட். அந்த அடிமடிப்பில் தண்ணீர் வடிவதற்கென்றே சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன, அவை முடியும் பஞ்சும் அடைத்து இருக்கிற இடமே தெரியவில்லை. தண்ணீர் எங்கே போகும்? வாரக்கணக்கில் அங்கேயே நின்றிருக்கிறது.

இதில் நம் வீட்டு அழுக்கின் பங்கைவிட மெஷினின் அமைப்புக்குத்தான் பங்கு அதிகம். டாப் லோடு மெஷினில் வாய் மேலே இருக்கிறது, ஈரம் ஓரளவு தானாகவே போய்விடும். ஃப்ரண்ட் லோடில் தண்ணீர் வெளியே கசியாமல் இருக்கக் கதவு இறுக்கமாக ரப்பரில் அழுந்த வேண்டும், காற்று போக வழியே கிடையாது. தண்ணீரும் குறைவாகவே எடுக்கும், அது நல்லதுதான், ஆனால் நாம் பழைய பழக்கத்தில் சோப்பை அள்ளிப் போட்டால் அலசுவதற்கு அந்தத் தண்ணீர் போதாது. கரையாத சோப்பு, துணியிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு, பஞ்சு எல்லாம் சேர்ந்து டிரம்முக்கு வெளிப்புறம் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு வழுவழுப்பான படலமாகப் படிகிறது. பூஞ்சைக்கும் கிருமிக்கும் அதுவே சாப்பாடு. வாசனைக்கென்று கடைசி அலசலில் ஊற்றுகிறோமே, அந்த கண்டிஷனரும் கொழுப்புத்தன்மை உள்ளதுதான், அதையும் அளவில்லாமல் ஊற்றினால் படலம் தடிக்கும். வாடை அடிக்கிறது என்று நாங்கள் கண்டிஷனரை இன்னும் ஒரு மூடி கூட்டி ஊற்றிக்கொண்டிருந்தோம், அது வாடைக்குத் தீனி போட்ட கதை. போதாததற்கு எங்கள் மடிப்பாக்கத்து போர் தண்ணீர். உப்புப் படிந்த இடம் சொரசொரவென்று இருக்கும், அழுக்கு அங்கே நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பிளக்கைப் பிடுங்கினேன், ஜன்னலைத் திறந்தேன், கையுறை போட்டுக்கொண்டேன். பழைய டூத்பிரஷ், சோப்புத் தண்ணீர், இரண்டு பழைய பனியன் துணி. மடிப்பைச் சுற்றிச் சுற்றி அந்த ஜவ்வைத் துடைத்து எடுத்தேன், துணியை நாலைந்து முறை அலச வேண்டியிருந்தது. ஓட்டைகளை டூத்பிரஷின் முனையால் குடைந்தேன். கம்பி, ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள், ரப்பர் கிழிந்தால் அப்புறம் உண்மையாகவே 4,200 கொடுக்க வேண்டிவரும். வழுவழுப்பு மொத்தமும் போன பிறகுதான் பிளீச். இந்த வரிசை முக்கியம், அழுக்கின் மேலேயே பிளீச்சை ஊற்றினால் அதன் வேகமெல்லாம் அழுக்கிலேயே வீணாகிவிடும். ஒரு பங்கு திரவ பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, கயிறு மாதிரி முறுக்கி மடிப்புக்குள் சுற்றிலும் சொருகி வைத்தேன். அரை மணி நேரம். எடுத்துவிட்டு வெறும் தண்ணீரில் நன்றாகத் துடைத்தேன். கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரை இதற்கு எடுக்க வேண்டாம், கரையாத துகள் ரப்பரிலேயே உட்கார்ந்து அரித்துவிடும்.

புள்ளிகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. மீதி இருப்பவை ரப்பருக்குள்ளேயே இறங்கிய கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது அப்படியே கிடக்கட்டும், வாடை இல்லையென்றால் போதும். அந்தக் கறையைக் காட்டித்தான் கேஸ்கெட்டை மாற்றச் சொல்வார்கள். ரப்பர் கிழியாமல், தண்ணீர் ஒழுகாமல் இருந்தால் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது சோப்பு போடும் டிராயர். உள்ளே ஒரு நாக்கு மாதிரி இருப்பதை அழுத்தினால் முழுசாகக் கையோடு வந்துவிடும், இது பலருக்குத் தெரியாது. டிராயரைக் குழாயடியில் தேய்த்து விடலாம், ஆனால் அது உட்கார்ந்திருந்த பொந்தின் மேல்கூரையைக் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள், எங்களுடையதில் மேலே ஒட்டடை போலக் கறுப்பாகத் தொங்கியது. தண்ணீர் அந்த வழியாகத்தான் துணிக்குப் போகிறது! கீழே மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்குள் வடிகால் பம்பின் ஃபில்டர். மெஷினில் சூடான தண்ணீர் இல்லாத நேரமாகப் பார்த்து, தட்டையான ஒரு தாம்பாளத்தைக் கீழே வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள், ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் வரும். எங்கள் ஃபில்டரில் இரண்டு ஒற்றை ரூபாய்க் காசு, ஒரு ஊக்கு, கைப்பிடி அளவு பஞ்சு. சாக்கடை வாடைக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருந்தது.

கடைசியாகத் துணி எதுவும் போடாமல், மெஷினில் இருப்பதிலேயே அதிகமான சூட்டில் ஒருமுறை ஓட்டினேன். டப் கிளீன் என்று தனியாக பட்டன் இருந்தால் அதையே அழுத்தலாம். எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே துவைத்துக்கொண்டிருந்தால் பிசுக்கு கரையவே கரையாது. கரண்ட் பில் ஏறிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, 60 டிகிரியில் ஒருமுறை ஓட்டினால் ஏறக்குறைய ஒரு யூனிட்தான் ஆகும். மாதம் ஒருமுறை போதும். உப்புப் படிவுக்கான டீஸ்கேலிங் பவுடர் அமிலம் சேர்ந்தது, அதனால் அதை பிளீச் போட்ட அன்று கையில் தொடவே கூடாது. நான் ஒரு வாரம் கழித்து, இடையில் நாலைந்து முறை மெஷின் ஓடிய பிறகுதான் போட்டேன். வினிகரைத் தனியாகக்கூட அடிக்கடி ஊற்ற வேண்டாம், நாளடைவில் ரப்பரைக் கெடுக்கும்.

அன்றிலிருந்து இன்றுவரை வாடை இல்லை. இப்போது செய்வதெல்லாம் சின்னச் சின்ன வேலைதான். மெஷின் நின்றதும் துணியை எடுத்துவிடுகிறோம், ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுக்கும் பழக்கத்தை விட்டோம். மடிப்பை ஒரு துணியால் துடைத்துவிட்டு, கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்தே வைக்கிறோம், டிராயரையும் அப்படியே. லிக்விடை மூடி நிறைய ஊற்றிய காலம் போய் இரண்டு மேசைக்கரண்டி, அதுவும் ஃப்ரண்ட் லோடுக்கென்று விற்கும் நுரை குறைவானது மட்டும். துணி நன்றாகவே வெளுக்கிறது. ஆனால் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் திறந்த கதவு பெரிய ஆபத்து, குழந்தை உள்ளே புகுந்து கதவு சாத்திக்கொண்டால் காற்று கிடையாது. குழந்தை தவழும் வீட்டில் சர்வீஸ் ஏரியா கதவைத் தாழிட்டு வையுங்கள், பூனை வளர்ப்பவர்களும் மெஷினை ஓடவிடும் முன் டிரம்முக்குள் ஒருமுறை பாருங்கள்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஃப்ரண்ட் லோடு மெஷினில் பூசணம் பிடிக்கிறது என்று ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்கள் சார்பில் பல வருடம் வழக்கே நடந்தது. 2014 அக்டோபரில் கிளீவ்லாந்தில் ஒரு வழக்கில் நடுவர்கள் தயாரித்த நிறுவனத்தின் பக்கம்தான் முடிவு சொன்னார்கள், அது வேறு விஷயம். தயாரிக்கிறவர்களுக்கு இது இத்தனை வருடமாகத் தெரியும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தெரிந்திருந்தும், சென்னை மாதிரி வருடம் முழுக்கப் புழுங்கும் கடலோர ஊரில் விற்கும் மெஷினோடு வரும் புத்தகத்தில் தமிழில் ஒரு பக்கம் கிடையாது. ஆங்கிலத்தில் எங்கோ நாற்பதாவது பக்கத்தில் பொடி எழுத்தில் கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறது. என் மாமியார் தினமும் அந்த மெஷினை ஓட்டுகிறவர், அவர் எப்படிப் படிப்பார்?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளால் ஒருவருக்குக் கேடு வந்தால், சரியாகப் பயன்படுத்தும் விவரத்தையும் எச்சரிக்கையையும் போதுமான அளவு தராததற்காகவும் தயாரித்தவரைப் பொறுப்பாளியாக்குகிறது. காசு கொடுத்து வாங்கியவரிடம் "நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை" என்று சொல்லும் முன் நிறுவனங்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். நான் கேட்பது பெரிய செலவில்லை. கதவின் உள்பக்கத்தில், கண்ணில் படும்படி தமிழில் ஒரு ஸ்டிக்கர்: துவைத்ததும் துடையுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், மாதம் ஒருமுறை சூட்டில் வெறுமனே ஓட்டுங்கள், ஃபில்டர் இங்கே இருக்கிறது. டெமோ காட்ட வருகிறவர் ஸ்டாண்டு விற்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் எடுத்து அந்த ரப்பர் மடிப்பை வீட்டில் துவைக்கிறவரின் கையாலேயே இழுத்துப் பார்க்க வைக்கலாம். தேவையில்லாமல் கேஸ்கெட் மாற்றச் சொல்லிக் காசு கேட்கிறார்கள் என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, கூப்பிட்டுக் கேளுங்கள்.

இந்தக் கடிதம் முழுவதையும் போட இடமில்லையென்றால் பரவாயில்லை ஆசிரியர் அவர்களே, பிளீச்சையும் வினிகரையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது என்ற அந்த ஒரு பத்தியை மட்டுமாவது இந்த வாரமே போட்டுவிடுங்கள். அந்த வாட்ஸ்அப் குறிப்பு நேற்று எங்கள் உறவினர் குழுவுக்கும் வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை.