மூச்சு விடாதே: வசனம் எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் சீரியல் வசனத்தில் 'மூச்சு விடாதே' அடிக்கடி வருகிறது. நல்ல வழக்குதான், ஆனால் சில இடங்களில் பொருந்தாமல் நிற்கிறது.

இதற்கு வெறுமனே 'பேசாதே' என்று பொருளில்லை. மறைக்க ஒரு விஷயமும், அது தெரியக் கூடாத ஓர் ஆளும் வேண்டும். 'நகையை அடகு வச்சதைப் பத்தி அம்மாகிட்ட மூச்சு விடாதே' என்றால், அம்மாவிடம் நாள் முழுக்க ஊர்க்கதை பேசலாம். அடகுப் பேச்சு மட்டும் வரக் கூடாது. அதனால்தான் உன் கூச்ச சுபாவக் கதாநாயகிக்கு 'மூச்சு விடாத பொண்ணு' ஒட்டவில்லை. அவள் 'வாயே திறக்காத பொண்ணு'. துருவித் துருவிக் கேட்டும் சொல்லாத அவள் அண்ணனோ கல்லுளிமங்கன்.

'இந்த ரகசியத்தை மூச்சு விடாதே' என்று எழுதியிருக்கிறாய். 'ரகசியத்தைப் பத்தி' என்று வர வேண்டும். 'மூச்சு'டனும் 'ஐ' சேர்க்காதே. 'மூச்சை விட்டுட்டார்' என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம்!

எதிர்மறையில்தான் இது இயல்பாக வரும்: மூச்சு விடலை, மூச்சு விடக் கூடாது. 'யார்கிட்டயாவது மூச்சு விட்டியா?' என்ற கேள்வியும், 'மூச்சு விட்டே, தொலைச்சிடுவேன்' என்ற மிரட்டலும் சரி. 'அவன் எல்லாத்தையும் மூச்சு விட்டுட்டான்' என்று யாரும் சொல்வதில்லை. 'உளறிட்டான்' அல்லது 'போட்டு உடைச்சிட்டான்' என்று எழுது.

இதன் உறவுக்காரர்களும் ஏமாற்றுவார்கள். 'பேச்சு மூச்சு இல்லாம கிடந்தார்' என்றால் மயக்கம்; கோபத்தில் பேசாமல் படுத்திருக்கும் பெரியப்பாவுக்கு அதைப் போட்டால் வீடே ஆம்புலன்ஸைத் தேடும். திட்டு வாங்கியும் எதிர்த்துப் பேசாதவன் 'மூச்சுக் காட்டலை'. 'மூச்சுக்கு முந்நூறு தடவை' நேர் எதிர், ஓயாமல் ஒன்றையே சொல்வது. (முன்னூறு அல்ல, முந்நூறு.)

மருமகள் மாமனாரிடம் 'மூச்சு விடாதீங்க' என்கிறாளே, அங்கே 'ங்க' சேர்த்தும் அதட்டல் போகவில்லை. 'இது நமக்குள்ளேயே இருக்கட்டும் மாமா' என்று மாற்று. குழந்தைகள் ஒளிந்திருக்கும் காட்சியில் அவ்வளவு நீள வசனமே வேண்டாம். அக்கா உதட்டில் விரலை வைத்து 'மூச்!' என்றால் போதும்.

அன்புடன்,
அண்ணன்