உன் கை வேறு, என் கை வேறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் நம் பேச்சு சண்டையில்தான் முடிகிறது. அதனால் தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்கு வந்த பிறகு படி.

“நீ முந்திரிக் கொட்டை உடைச்ச, நான் கம்பெனியில போன் பாகம் பூட்டுறேன். ரெண்டும் கூலிதானே, இதுக்கா டிப்ளமா படிச்சேன்?” என்று கேட்டாய். இரண்டு நாளாக அது என்னைத் தூங்கவிடவில்லை.

நான் கொட்டை உடைக்கப் போனது 1994இல், எட்டாவது முடித்த கையோடு. பண்ருட்டிப் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு அப்போது வேறு என்ன இருந்தது? மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டலாம், இல்லையென்றால் முந்திரி. வறுத்த கொட்டையைத் தட்டினால் ஓடு பிளந்து எண்ணெய் தெறிக்கும். பட்ட இடம் வெந்து, கறுத்து, தோல் உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்போம். என் கல்யாணத்துக்கு மருதாணி வைத்தார்கள். உள்ளங்கை சிவந்தது, விரல் நுனியில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. கறுப்பின் மேல் என்ன தெரியும்? உன் அப்பா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஆம்பிளைப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பஸ் ஏறினார்கள். கொஞ்சம் படித்தவன் கடலூர் சிப்காட்டுக்குப் போனான். நெய்வேலியில் நிரந்தர வேலை கிடைத்தவனுக்குப் பெண் கொடுக்க அடிதடி. இப்போது அங்கேயும் ஒப்பந்தத்தில் போகிறவர்கள்தான் நிறைய.

2011 டிசம்பர் 30 உனக்கு ஞாபகம் இருக்கும். தானே புயலில் ஒரே காலையில் முந்திரித் தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வந்ததால் கம்பெனிகள் ஓடின. ஆனால் உடைக்க மெஷின் வந்துவிட்டது. பதினேழு வருஷம் உடைத்தவளிடம், அங்கே வேலை பார்த்தாள் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கிலோவுக்கு இவ்வளவு என்று சனிக்கிழமை எண்ணிக் கொடுத்ததோடு சரி.

தம்பி ஒரு செய்தி வாசித்துக் காட்டினான். 15 முதல் 29 வயதில் வேலையில் இருக்கிறவர்களையும் வேலை தேடுகிறவர்களையும் சேர்த்து எண்ணினால், தேடியும் கிடைக்காதவர்கள் 2017-18இல் நூற்றுக்கு 17.8 பேராம், 2023-24இல் 10.2 பேராம். நல்லதுதானே என்றேன். அதே அரசாங்கக் கணக்கில், வேலையில் இருக்கிறவர்களில் விவசாயத்தில் இருக்கிறவர்கள் 2018-19இல் நூற்றுக்கு 42.5 பேர், 2023-24இல் 46.1 பேர் என்றான். சம்பளமில்லாமல் வீட்டுக் கொல்லையில் உதவுகிறவனும் அந்தக் கணக்கில் வேலையில் இருக்கிறவன்தான். கொரோனாவில் ஊர் திரும்பிய நம் தெருப் பையன்கள் எத்தனை பேர் அந்தக் கணக்கில் நிற்கிறார்களோ!

நீ சொன்னதில் பாதி சரி, பாப்பா. பதினோரு மாதக் கான்ட்ராக்ட்டை யார் நம்புவது? நீ இருக்கிற ஸ்ரீபெரும்புதூரிலேயே 2006இல் நோக்கியா திறந்தது, 2014இல் மூடியது. பிறகு அதே இடத்துக்கு சார்ஜர் செய்கிறவர்கள் வந்தார்கள். அந்த ஊரில் வேலை போகும், வரும். ஆனால் நீ கையில் எதை எடுத்துக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போகிறாய் என்று ஒன்று இருக்கிறது. எனக்கு அது இல்லை.

பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று புலம்புகிறாயே, பன்னிரண்டு சதவீதம் உன்னிடம் பிடித்தால் கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். கம்பெனி மாறினாலும் உன் பி.எஃப். கணக்குக்கான யூஏஎன் நம்பர் மாறாது. மாறும்போதெல்லாம் அந்தப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடாதே. இன்னொன்று, பூட்டுகிற லைனிலேயே நிற்காமல் டெஸ்டிங், மெயின்டனன்ஸ் பக்கம் மாற்றச் சொல்லிக் கேள். கேட்க வெட்கப்படாதே, நீ படித்தது அதற்குத்தான்.

தம்பி ஐ.டி.ஐ.யை விட்டுவிட்டு புதுச்சேரியில் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறேன் என்கிறான். பெட்ரோல் அவன் காசு, பைக் அவன் காசு, விழுந்தாலும் அவன் காசு. கையில் அன்றாடம் பணம் வருவதைப் பார்க்கிறான். நான் சொன்னால் கேட்க மாட்டான். ஃபிட்டர் படிப்பை முடித்துவிட்டு என்னவோ செய்யட்டும் என்று நீ சொல்லிப் பார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, போன மாசக் காசு ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

அம்மா