துலக்கும் முன் விளிம்பைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போரின்போது மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) சென்று திரும்பாத என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் எஞ்சியிருப்பது, பாட்டி தம் வெற்றிலைப் பெட்டியில் வைத்துப் பினாங்குக்குக் கொண்டுவந்த வெள்ளிப் பதக்கம் ஒன்று மட்டுமே. ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் அதைத் திருநீறு போட்டுத் துலக்கிவந்த நாங்கள், அதன் விளிம்பில் படையெண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருப்பதைச் சென்ற மாதம்தான் கவனித்தோம். எண் தெரிகிறது, 'சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்ற பொறியியல் படைப்பிரிவின் பெயரும் தெரிகிறது, பெயரில் பாதி தேய்ந்துபோய்விட்டது.

அந்தப் போர்முனையில் இறந்து, கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோரை நினைவுகூரும், ஈராக்கிலுள்ள பஸ்ரா நினைவுச்சின்னத்தில், இந்தியச் சிப்பாய்கள் பெயர் பொறிக்கப்படாமல், படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இத்தகைய பாகுபாட்டுக்கு 2021இல் மன்னிப்புக் கேட்டது. நூறாண்டு கழித்து வந்ததென்றாலும் அதை நான் மதிக்கிறேன். போரில் இறந்தோரைப் பற்றிய அந்த ஆணையத்தின் இணையப் பட்டியலில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்பட்டிருப்பதால், படைப்பிரிவோடு சேர்ந்த எண்ணே நம்பத்தக்க தடயம்.

இத்தகைய பதக்கம் வைத்திருக்கும் குடும்பத்தார், அடுத்த முறை அதைத் துலக்கும் முன் விளிம்பிலுள்ளதை எழுதி வைத்துக்கொள்ளுமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு